கருப்பொருள் இல்லாத திணை

சென்னையில் எந்த ஓவியக் கண்காட்சிக்குப் போனாலும் கையேட்டின் இரண்டாவது பத்திக்குள் ‘திணை’ வந்துவிடுகிறது. பச்சைத் தீற்றல் என்றால் முல்லை, காவி என்றால் பாலை, நீலம் என்றால் நெய்தல். ஐரோப்பாவில் நிலக்காட்சி தனி வகையாக உருவாவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் கவிதையில் நிலம் அகமாகிவிட்டது. ஆகவே இன்றைய அரூப ஓவியரே சங்கப் புலவரின் நேர் வாரிசு என்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் தவறு.

தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என்று பகுத்ததை இந்த இதழின் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. நம் ஓவியர்கள் உரிப்பொருளுக்கு ஒரே தாவாகத் தாவுகிறார்கள். நடுவே கருப்பொருளாக இருக்கும் இந்த மரமும் இந்தப் பறவையும் இந்தப் பூவும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினாரே கபிலர், அவருக்கு மலை என்பது நீல மங்கலாகத் தெரிந்திருக்குமா? அந்தக் கண்ணுக்கு ஓவியத்தில் வாரிசுகள் உண்டு. அவர்களை நாம் தேடாத இடத்தில் வைத்திருக்கிறோம்.

சித்தன்னவாசலில் தொடங்கலாம். 9ஆம் நூற்றாண்டின் அந்தத் தாமரைக் குளத்தில் மீனும் வாத்தும் யானையும் எருமையும் பூக்கொய்யும் மனிதரோடு சமமாக இடம் பிடித்திருக்கின்றன. சமண சமயப் பொருளை வரைய வந்த கை, மொட்டுக்கும் விரிந்த மலருக்கும் உள்ள வேறுபாட்டை விட்டுவிடவில்லை. பிறகு வடக்கே ஜஹாங்கீரின் அவை. உஸ்தாத் மன்சூரைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. 1620இல் பேரரசரோடு காஷ்மீர் போய் நூற்றுக்கு மேற்பட்ட பூக்களை வரைந்தவர். 1621இல் வந்த வரிக்குதிரையின் ஒவ்வொரு கோட்டையும் பின்தொடர்ந்தவர். அவர் வரைந்ததாகக் கருதப்படும் டோடோ பறவை, அந்த இனமே அழிந்த பிறகும் அறிஞர்கள் நம்பிப் பார்க்கும் படம்.

அடுத்து வந்த ஆங்கில ஓவியர்களான டேனியல்கள் மீது எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் தென்னாட்டுக்கு வந்தார்கள். அவர்களது அச்சுப்படத் தொகுப்பின் 144 காட்சிகளில் கோயிலும் குன்றும் தேன்நிற ஒளியில் மிதக்கின்றன. அழகானவைதான். ஆனால் மரங்கள் காட்சிக்குச் சட்டம் போடுவதற்காக ஓரத்தில் நிற்கின்றன, மாடுகள் அளவு காட்டுவதற்காகப் படுத்திருக்கின்றன. நிலத்தைத் தூரத்திலிருந்து நுகரும் பழக்கம் நமக்கு இவர்களிடமிருந்து வந்தது. இன்றைய ‘திணை’ ஓவியங்களின் மூதாதையரைத் தேடுபவர்கள் கபிலரிடம் போக வேண்டாம், இந்த மங்கலான மாலைகளிடம் போகட்டும்.

ஏறக்குறைய அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. கல்கத்தாவில் தலைமை நீதிபதியின் மனைவி மேரி இம்பே வீட்டில் வளர்த்த உயிரினங்களை ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்ற பாட்னா ஓவியர் மூவர் 1777 முதல் 1782 வரை வரைந்தார்கள். பவானி தாஸின் பழந்தின்னி வௌவால் ஒரு சிறகை விரித்து மறு சிறகை மடக்கி நிற்கிறது. விரித்த சிறகில் தோலின் மென்மை தெரிகிறது, மடக்கிய சிறகில் எலும்பின் சட்டகம். ஓர் உயிரின் இரண்டு உண்மைகளை ஒரே தாளில் வைக்க அவர் கண்ட வழி அது. கோதாவரிப் பக்கம் சாமல்கோட்டையில் தாவரவியலாளர் ராக்ஸ்பரோவுக்காகச் செடிகளை வரைந்தவர்களுக்கோ பெயர்கூட மிஞ்சவில்லை.

பெயர் மிஞ்சிய இருவரிடம் வருகிறேன். ரங்கையா, கோவிந்து. சென்னை ராஜதானியில் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1820களின் பிற்பகுதியில் செடிகளை வரைய ரங்கையாவை அமர்த்தினார். அவருக்குப் பின் கோவிந்து வந்தார். வைட் 1853இல் ஊர் திரும்பும்வரை அந்த வேலை நின்றதாகத் தெரியவில்லை. அவர் சென்னையில் பதிப்பித்த இந்தியச் செடிகளின் படத்தொகுதியில் மட்டும் 2101 தகடுகள். தென்னாட்டுத் தாவரவியலாளர் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார். கலை வரலாறு எழுதுபவர் புரட்டுவதில்லை.

‘அது அறிவியல் விளக்கப்படம்தானே’ என்பார்கள். சரி, ஒரு தாளை எடுத்துப் பாருங்கள். கிளை தாளுக்குள் நுழையும் கோணம், எந்த இலை முன்னால், எது பின்னால், அடிப்புறம் தெரிய எந்த இலையைத் திருப்புவது, நூறு நரம்புகளில் எதை அழுத்தி எதை விடுவது: இவ்வளவையும் முடிவு செய்தது ஓவியரின் கை. அடியில் பூவைப் பிளந்து சூலகமும் மகரந்தப்பையும் பெரிதாக்கிக் காட்டச் சொன்னது வைட். அந்தக் கோடு தயங்காமல் ஓடியதற்கு அவர் காரணமில்லை. கிழக்கிந்தியக் கும்பினிக்குச் சாயமும் மருந்தும் பருத்தியும் வேண்டியிருந்தன என்பது உண்மை. வைட்டே 1842 முதல் கோயம்புத்தூரில் பருத்திச் சோதனைக்குப் பொறுப்பேற்றவர். அந்த வரலாற்றை மறைக்கத் தேவையில்லை. சோழன் காசில் வார்த்த செப்புத் திருமேனியைக் காசின் கணக்கில் மட்டும் நாம் மதிப்பிடுவதில்லையே.

ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் கோவிந்துவின் பெயரைச் சூட்டினார். அந்தக் காலத்தில் ஓர் இந்திய ஓவியருக்குக் கிடைத்த அரிய மரியாதை அது. பின்னாளில் அந்தப் பேரினம் ட்ரோபீடியாவுக்குள் சேர்க்கப்பட்டது; பெயர் வழக்கொழிந்தது. மூல ஓவியங்கள் பல எடின்பரோவின் அரச தாவரவியல் தோட்டத்தில் இருக்கின்றன. அங்கே பணியாற்றிய ஹென்றி நோல்ட்டி 2007இல் மூன்று தொகுதிகளாக ரங்கையா, கோவிந்து இருவரையும் பற்றி எழுதினார். தமிழில் ஒரு சிறு நூல்கூட என் கண்ணில் படவில்லை.

இருபதாம் நூற்றாண்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. சாந்திநிகேதனில் 1940இல் வினோத் பிஹாரி முகர்ஜி கூரையில் வரைந்த வீரபூம் கிராமம் ஒரு சாதனை. இங்கே சென்னையில் ஓவியர் பணிக்கர் தொடக்கத்தில் நல்ல நீர்வண்ண நிலக்காட்சிகள் வரைந்தார். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது அவரது அக்கறைகள் வேறாகிவிட்டன. ஆதிமூலத்தின் பெரிய வண்ணவெளிகளை நான் மதிக்கிறேன். காந்தியையும் கி.ரா.வின் கரிசல் மனிதர்களையும் கோட்டில் பிடித்த பிறகு அங்கே போய்ச் சேர்ந்த கை அது. அந்த வெளிக்குள் ஒரு காட்டின் எலும்பு இருக்கிறது. அவரைப் பின்தொடர்ந்தவர்கள் வண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கபிலரின் கண் தொடர்ந்தது மா. கிருஷ்ணனிடம். அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ஆங்கில நாளிதழ் ஒன்றில் இயற்கைப் பத்தி எழுதினார், தமிழிலும் எழுதினார். அந்தத் தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து நமக்குக் கொடுத்திருக்கிறார். எழுத்தாளராக அவரைக் கொண்டாடுகிறோம், புகைப்படக்காரராகவும் அறிவோம். கட்டுரைகளோடு அவரே வரைந்த மைக் கோட்டோவியங்களைப் பக்க அலங்காரமாகக் கடந்துவிடுகிறோம். ஒரு பறவை உடலின் எடையை எந்தக் காலில் வைக்கிறது என்று அறிந்தவரின் கோடுகள் அவை. புகைப்படம் எடுக்கத் தெரிந்த மனிதர் ஏன் வரைந்தார்? கேமரா ஒரு நொடியைத் தரும். பல நாள் பார்த்த பழக்கத்தை ஒரே உருவில் திரட்ட அவருக்குப் பேனா வேண்டியிருந்தது.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஓர் அறை கேட்கிறேன். சித்தன்னவாசல் குளத்தின் நல்ல பிரதி, எடின்பரோவிலிருந்து கடனாக ரங்கையாவின் பத்துத் தாள்கள், கிருஷ்ணனின் கோடுகள், எதிர்ச் சுவரில் ஆதிமூலத்தின் ஒரு பெரிய திரை. அதோடு ஓவியக் கல்லூரி முதலாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மரம். வேம்போ புங்கமோ, துளிர்விட்டதிலிருந்து காய் உதிரும்வரை ஓராண்டு அந்த ஒரு மரத்தையே வரையட்டும். கையேட்டில் திணை என்று எழுதுவதை இரண்டாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம்.