சும்மா இருக்கிற நேரம்

பார்வையை மாற்றிக்கொள், வாழ்க்கை மாறும் என்று சொல்லும் நூல்கள் தமிழில் ஏராளம். என் மாணவிகளின் பைகளிலும் அவை இருக்கின்றன. எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ எத்தனையோ பேருக்குத் தெம்பு கொடுத்த நூல். அதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். அவருடைய இன்னொரு நூலின் பெயர் ‘உன்னால் முடியும் தம்பி’. 1988இல் கே. பாலசந்தர் எடுத்த படத்துக்கும் அதே பெயர். அந்த விளியில் தங்கை இல்லை. வெளியே போய்ச் சாதிக்கும்படி தம்பியை உற்சாகப்படுத்தும் இவ்வகை எழுத்து, இன்று தங்கையிடம் பேசும்போது குரலை மாற்றிக்கொள்கிறது. வீட்டு வேலையைச் சுமையாக நினைக்காதே, அன்பாக நினை. சுடுசொல்லைக் காயமாக எடுத்துக்கொள்ளாதே, பாடமாக எடுத்துக்கொள். நடப்பது நடந்துகொண்டே இருக்கும். மாற வேண்டியவள் அவள் மட்டும்.

பார்வை மாறுவது எப்படி நிகழ்கிறது என்பதை நான் படித்தவற்றுள் மிகத் துல்லியமாகச் சொல்வது பாமாவின் ‘கருக்கு’ (1992). பள்ளி விட்டு வேடிக்கை பார்த்தபடி வீடு திரும்பும் சிறுமி, தங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை அதன் நூலை மட்டும் பிடித்துத் தூக்கிப் போவதைப் பார்க்கிறாள். களத்தில் இருக்கும் நிலக்காரரிடம் குனிந்து அதை நீட்டுகிறார். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டில் அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நாம் தொட்டால் தீட்டு, அதனால்தான் அப்படிப் பிடித்தார் என்று விளக்குகிறார்.

வருத்தத்திலிருந்து மகிழ்ச்சிக்கு நகர்வதே வளர்ச்சி என்பது சுயமுன்னேற்ற நூல்களின் இலக்கணம். பாமாவின் சிறுமி எதிர்த்திசையில், சிரிப்பிலிருந்து கோபத்துக்கு நகர்கிறாள். முதலில் கண்டது இனிமையாக இருந்தது, ஆனால் பாதிதான் தெரிந்தது. அடுத்துக் கண்டது வலித்தது, அதில் நடந்தது முழுவதும் இருந்தது. படித்தால் மதிப்பு வரும் என்ற அண்ணனின் சொல்லை நம்பி அவள் வகுப்பில் முதலாவதாக வருகிறாள். அந்த விளக்கமும் போதவில்லை. படித்து முடித்துக் கன்னியர் மடத்துக்குள் போன பின்னும் சாதி கூடவே வருகிறது. அங்கிருந்து வெளியேறிய பிறகுதான் இந்த நூல் பிறக்கிறது. ஆறுதல் தரும் எந்த விளக்கத்திலும் தங்கிவிடாததுதான் ‘கருக்கு’வின் பலம்.

இந்தப் பகுதியை ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்து மாணவிகளுக்கு நடத்தும்போது பேச்சு அம்மாக்கள் பக்கம் திரும்பும். இங்கே பல வீடுகளில் பெண்கள் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிறார்கள். ஏஜெண்ட் கொண்டுவந்து போடுவார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. “அம்மா வேலைக்குப் போறாங்களா?” என்று கேட்டால், “இல்ல மேடம், வீட்லதான் இருக்காங்க. சும்மா இருக்கற நேரத்துல ஷூ தைப்பாங்க” என்று பதில் வரும். அம்மாக்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். கைச்செலவுக்கு ஆகிறது, பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம். நல்ல பக்கத்தைப் பார்க்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விரல் காய்ப்பும் முதுகுவலியும் கண் எரிச்சலும் அந்தச் ‘சும்மா’வுக்குள் மறைந்துபோகின்றன. சும்மா இருப்பவளுக்குக் கூலி உயர்வு எதற்கு? பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதற்கு?

ஒன்றை வேறு பெயரிட்டு அழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1996ஆம் ஆண்டைச் சொல்வேன். வீட்டிலிருந்தபடி கூலிக்கு உழைப்பவர்களை மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்னும் 177ஆவது உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அந்த ஆண்டில்தான் நிறைவேற்றியது. இந்தியா அதற்கு இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுகட்ட வேண்டும் என்று தோல் ஆலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனதாக ஓர் ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. பாலாறு அதனால் தெளிந்துவிடவில்லை. ஆனால் சோறு போடும் தொழில், நாற்றம் இருக்கத்தான் செய்யும் என்று பொறுத்துக்கொண்டிருந்த ஒன்றுக்குச் சேதம் என்ற பெயர் வந்தது. கேள்வி கேட்க இடம் வந்தது.

அப்படியானால் அம்மாவின் ஆறுதலைப் பிடுங்குவதா நம் வேலை? ஒரு மாணவி, அம்மா தைக்கும் மணிநேரத்தையும் ஜோடிகளையும் ஒரு வாரம் குறித்து வைத்தாள். அம்மா சொன்னாராம்: “கணக்குப் பார்த்தா தைக்க முடியாதுடீ.” அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் சும்மா என்கிறார். தனியாக உட்கார்ந்து அந்தக் கணக்கைப் பார்த்தால் மறுநாள் ஊசியை எடுக்கக் கை வராது.

பெண்கள் கூடித் தம் அனுபவங்களைப் பேசுவதை வெறும் மனச்சிகிச்சை என்று ஒதுக்கியவர்களுக்கு அமெரிக்கப் பெண்ணியர் கேரல் ஹானிஷ் 1969இல் எழுதிய பதில் எனக்கு இங்கே பயன்படுகிறது. தனியாகத் தீர்க்க முடியாததைத் தனியாகத் தீர்க்கச் சொல்வதுதான் அவருக்குச் சிக்கல். ‘கருக்கு’ சிறுமிகூடத் தானாகப் பார்வையை மாற்றிக்கொள்ளவில்லை. அவளோடு சேர்ந்து சிரிக்காத ஒருவர் வீட்டில் இருந்தார். ஷூ தைக்கும் அம்மாவின் கணக்கையும் அடுத்த வீட்டுக்காரி, எதிர்வீட்டுக்காரி கணக்கோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். அந்த நோட்டு இப்போது நான்கு வீடுகளுக்குப் போய்வருகிறது என்று மாணவி சொன்னாள்.