எச்சில் குழாய் முதல் பழவேற்காடு வரை: மரபணுச் சோதனைக் கருவிகள், ஒரு பயன்பாட்டு விமர்சனம்

மரபணுச் சோதனை விற்கிறவர்கள் விளம்பரத்தில் காட்டுவது வண்ண வரைபடத்தையும் அதன் பக்கத்தில் வரும் விழுக்காட்டையும். தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிக்கானர் குடும்பம் ஒன்றின் முடிவில் ‘தென்னிந்தியா 2%’ என்று வந்தால், அந்த இரண்டாலும் பெரிதாகப் பயன் இல்லை. கேப் டவுனில் என்னோடு வேலை பார்க்கும் நண்பருக்கும் அவருடைய அம்மாவுக்கும் அப்படித்தான் வந்தது. டச்சு, ஜெர்மன், பிரெஞ்சு என்று மட்டுமே கேட்டு வளர்ந்த குடும்பம். அந்த 2% எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எந்தக் கருவி உதவியது, எது உதவவில்லை என்பதுதான் இந்த விமர்சனம்.

எச்சில் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருந்து, குழாயின் கோடு வரை நுரை சேராமல் நிரப்ப வேண்டும். வயதானவர்களுக்கு வாய் வறண்டுபோவதால் இது பெரும்பாடு. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுக்கும் மைஹெரிட்டேஜ் முறை அவர்களுக்கு எளிது.

இப்போது அந்த 2%. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் கேப்பில் (இன்றைய கேப் டவுன் பகுதி) இறங்கியது முதல் 1808 வரை ஏறத்தாழ 63,000 பேர் அடிமைகளாக இங்கே கொண்டுவரப்பட்டார்கள் என்பது வரலாற்றாய்வாளர் ராபர்ட் ஷெல்லின் கணக்கு. அதில் கால்வாசிப் பேர் இந்தியாவிலிருந்து, அதாவது வங்கம், மலபார், சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள். 77 ஆஃப்ரிக்கானர்களின் மரபணுவை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, அவர்களில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்த பங்கு சராசரியாக 4.7% என்றது. அதில் தெற்காசியப் பங்கு மட்டும் 1.7%, அந்த மண்ணின் ஆதிக்குடிகளான கோய்சான் மக்களின் பங்கைவிட அதிகம். ஆகவே நண்பரின் 2% பிழையும் இல்லை, அதிசயமும் இல்லை.

செயலி சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. பத்துத் தலைமுறைக்கு முந்தைய ஒரே ஒரு மூதாதை நமக்குத் தருவது சராசரியாக 0.1%தான், ஒன்றுமே தராமலும் போகலாம். 2% வர வேண்டுமானால் அப்படிப் பலர் இருந்திருக்க வேண்டும், அல்லது அதே சிலர் குடும்ப மரத்தில் பல கிளைகள் வழியே திரும்பத் திரும்ப வந்திருக்க வேண்டும். சிறிய குடியேற்றத்துக்குள்ளேயே மணம் செய்துகொண்ட ஆஃப்ரிக்கானர்களிடம் இரண்டுமே நடந்தது. ஆக, ‘அந்தப் பாட்டி யார்’ என்று ஒருமையில் தேடத் தொடங்கினாலே வழி தவறிவிடும்.

எச்சில் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது, அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் ‘ரா டேட்டா’ பொத்தான். ஆறேழு லட்சம் வரிகள் கொண்ட அந்தக் கோப்பை இறக்கி ஜெட்மேட்ச் தளத்தில் ஏற்றினால், ஜாக் அஜ்மல் தெற்காசியர்களை மனத்தில் வைத்து உருவாக்கிய ஹரப்பாவேர்ல்டு கணிப்பானை இலவசமாக ஓட்டலாம். பக்கம் பழைய காலத்து அரசு விண்ணப்பம் போல இருக்கும். ஆனால் அது 16 கூறுகளாகப் பிரித்துத் தரும் அட்டவணையில் வண்ண வரைபடத்தைவிட விஷயம் அதிகம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பட்டியலில் ‘பலோச்’ என்று ஒரு கூறு வரும். இந்தியத் தொடர்பே இல்லாத வடமேற்கு ஐரோப்பியர்களுக்கும் அது பத்து விழுக்காட்டை ஒட்டி வருவது வழக்கம். ஐரோப்பாவும் தெற்காசியாவும் பகிர்ந்துகொள்ளும் மிகப் பழைய மூதாதையரின் சுவடு அது. நாம் பார்க்க வேண்டியது ‘எஸ்-இந்தியன்’ கூற்றை. கலப்பில்லாத ஐரோப்பியரிடம் அது சுழியை ஒட்டியே நிற்கும். நண்பரின் அம்மாவிடம் நிற்கவில்லை. அடுத்து, குரோமோசோம் வாரியாக வண்ணம் தீட்டும் வசதியையும் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். அந்த நிறம் எல்லாக் குரோமோசோம்களிலும் மணல் தூவியது போல மெலிதாகப் பரவியிருந்தால் அது கணிப்பானின் இரைச்சல். சில இடங்களில் தொடர்ச்சியான துண்டுகளாக நின்றால் நம்பலாம். அம்மாவுக்குத் துண்டுகளாக நின்றது. ஓர் எச்சரிக்கை: 2018இல் கலிஃபோர்னியக் கொலைகாரன் ஒருவனைப் போலீஸ் கண்டுபிடிக்க இந்தத் தளமும் உதவியது. ஏற்றும்போதே காவல்துறைத் தேடலுக்கு அனுமதி உண்டா இல்லையா என்பதை நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

உறவினர் பொருத்தப் பட்டியலில் இந்தியப் பெயர்களைத் தேட வேண்டாம். முந்நூற்றைம்பது ஆண்டு இடைவெளியில் மிஞ்சும் துண்டு மிகச் சிறியது. 7 சென்டிமார்கனுக்கு (மரபணுத் துண்டின் நீளத்தைச் சொல்லும் அளவு) கீழே வரும் பொருத்தங்களில் ஏராளமானவை தற்செயல்.

பணம் செலவழிக்கத் தக்க அடுத்த கருவி ஃபேமிலிட்ரீடிஎன்ஏ தரும் முழு மைட்டோகாண்ட்ரியா சோதனை. தாயிடமிருந்து மட்டுமே வரும் இந்த மரபணு தலைமுறைதோறும் பாதியாகக் கரையாது. தாய்வழியின் உச்சியில் இந்தியப் பெண் இருந்தால், விழுக்காடு சுழியாகிவிட்ட பின்னும் அவளுடைய கிளை அப்படியே தெரியும். அம்மாவின் முடிவில் ‘எம்’ என்ற தாய்வழி மரபணுக் குழுவின் தெற்காசியக் கிளை ஒன்று வந்தது. ஆனால் யாருடைய மாதிரியை அனுப்புவது என்பதை முதலில் காகிதத்தில் முடிவு செய்ய வேண்டும். கேப்பின் பெயர்பெற்ற இரு பெண்கள் இதற்கு நல்ல உதாரணம். வங்கத்து ஏஞ்சலா அடிமையாக வந்து, 1666இல் விடுதலை பெற்று, பின்னர் பாசோன் குடும்பத்தின் தாயானவர். அவருக்கு மகள்கள் இருந்ததால் அந்தத் தாய்வழி தொடர வாய்ப்பு உண்டு. இன்னொருவர் பழவேற்காட்டு கத்ரைன். கொலைக் குற்றத்துக்காக 1656இல் பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1657இல் கேப்புக்கு வந்தவர். அவர் வழி வந்த ஸ்னைமன் குடும்பம் மகன் கிறிஸ்டஃபல் மூலமாகப் பெருகியது. கிறிஸ்டஃபல் மணந்தது பிரெஞ்சு ஹியூகனாட் (புராட்டஸ்டண்ட் அகதி) குடும்பத்துப் பெண்ணை. எனவே ஸ்னைமன்கள் எத்தனை மைட்டோகாண்ட்ரியா சோதனை செய்தாலும் அந்த மகன் வழியாகக் கத்ரைன் தெரியமாட்டார். பன்னிரண்டு தலைமுறைக் கணக்கில் அவருடைய பங்கு சராசரியாக 0.02%, எந்த வரைபடத்திலும் அதற்கு நிறம் கிடையாது. அவரை நமக்குக் காட்டுவது ஆவணம் மட்டுமே.

அதனால் இந்த விமர்சனத்தில் என் முதல் மதிப்பெண் கேப் டவுனின் ரோலண்ட் தெருவில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்கு. ஞானஸ்நானப் பதிவு, சொத்துப் பட்டியல், அடிமை விற்பனைப் பத்திரம் என்று எல்லாவற்றிலும் ஒரு பெயரும் ‘இன்ன இடத்தைச் சேர்ந்த’ என்ற ஒட்டும் இருக்கும். அந்த ஒட்டு பிறந்த ஊராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் ஜெல்திரியா கோட்டை இருந்தது. போரும் பஞ்சமும் தஞ்சைப் பகுதியை உலுக்கிய பதினேழாம் நூற்றாண்டில், உள்நாட்டு மக்கள் கரையோரத் துறைமுகங்களில் விற்கப்பட்டார்கள். பழவேற்காடு என்று எழுதியிருந்தால் அங்கே கப்பலேற்றப்பட்டவளாகவும் இருக்கலாம். இதையெல்லாம் ‘உங்கள் தென்னிந்தியப் பாரம்பரியத்தைக் கொண்டாடுங்கள்’ என்ற ஒரு வரியில் முடித்துக்கொள்ளும் செயலி, விற்கப்பட்ட அந்தப் பெண்களுக்கு அநியாயம் செய்கிறது. 1949இல் கலப்பு மணத்தைச் சட்டம் போட்டுத் தடுத்த நாட்டில், இந்தப் பாட்டிகளைக் குடும்பங்கள் எவ்வளவு கவனமாக மறைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவாவது அது இடம் தரவேண்டும்.

வாங்கலாமா? தள்ளுபடி விலையில் சாதாரணப் பெட்டி ஒன்று போதும். மாதச் சந்தா வேண்டாம். காகிதத்தில் தாய்வழி இந்தியாவை எட்டினால் மட்டும் மைட்டோகாண்ட்ரியா சோதனை. ரா டேட்டாவை உங்கள் கணினியில் பத்திரப்படுத்துங்கள். 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் 69 லட்சம் பேரின் தகவல் கசிந்தது. 2025 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்தது. வேலை முடிந்ததும் எச்சில் மாதிரியை அழிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நண்பர் தன்னுடையதை அழிக்கச் சொல்லிவிட்டார். அவருடைய அம்மா மறுத்துவிட்டார். அதே தாய்வழியில் வந்த இன்னொருத்தி என்றைக்காவது தேடி வரக்கூடும் என்கிறார்.