விண்கலமும் வழுவமைதியும்

தொலைக்காட்சித் தொடர் ஒன்றை இலக்கியக் கட்டுரைகளுக்கிடையே வைத்து ஆராய்வதா என அன்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும், எண்பதுகளில் தூரதர்ஷன் வழங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொடரை அண்டை வீட்டுக் கூடத்தில் நெருக்கியடித்து அமர்ந்து கண்டு வளர்ந்தவர் நம்முள் பலர். 1966 முதல் 1969 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான அத்தொடரின் சுவைஞர்கள் அன்று தொட்டு இன்று வரை அதன் முரண்களைப் பற்றி வழக்காடி வருகின்றனர். அவ்வழக்கே நம் ஆய்வுப் பொருள்.

1966 அக்டோபரில் வெளிவந்த கதை ஒன்று. ஆளைத் துகளாக்கி இடம்பெயர்க்கும் கருவி பழுதுபட்டு, கலத்தலைவர் கர்க்கை நல்லவரும் தீயவருமாக இரு கூறாக்கிவிடுகிறது. கீழே கோளில் சூலுவும் தோழர்களும் இரவுக் குளிரில் விறைக்கின்றனர். கருவி சீர்ப்படாமல் அவர்களை மேலேற்ற வழியில்லை. காண்பார் நெஞ்சம் பதைக்கிறது. ஆனால், சிறுகலம் ஒன்றை இறக்கி அவர்களை ஏற்றி வரலாகாதா? சில வாரங்களுக்குப் பின் வந்த கதைகளில் அத்தகைய சிறுகலத்தைக் காண்கின்றோமே! உண்மைக் காரணம் எளியது. முந்திய கதை படமானபோது சிறுகலம் கட்டப்படவே இல்லை. வாரந்தோறும் பெருங்கலத்தைத் தரையிறக்கிக் காட்டப் பணம் போதாமையால் பிறந்ததே அவ்விடம்பெயர்க்கும் கருவியும்.

இவ்வினாவைச் சிறுபிள்ளைத்தனம் எனத் தள்ளுவாருளர். நாம் அவ்வாறு கருதவில்லை. மீட்க வழியிருந்தும் மீட்கவில்லையெனில் சூலுவின் நடுக்கம் பொய். அவர் பொருட்டு நாம் பட்ட துயரும் பொய். ஒளியினும் விரைந்து செல்லும் கலத்தை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டோம். அத்துணைப் பெருங்கடன் தந்த நாம், கதை தான் வகுத்த விதியைத் தானே மீறலாகாது எனக் கேட்பது மிகையன்று.

சுவைஞர் குற்றம் காண்பதோடு நிற்பதில்லை. நம் இலக்கணத்தார் வழுவைக் கடிந்ததோடு வழுவமைதிக்கும் இடந்தந்தாற்போல, இவர்களும் அமைதி தேடுவர். 1982-இல் வந்த திரைப்படத்தில் கான் என்னும் பகைவன் செக்கோவின் முகத்தைக் கண்டதும் அடையாளங்கொள்கிறான். ஆனால் கான் தோன்றிய 1967-ஆம் ஆண்டுக் கதையில் செக்கோவே இல்லை. அவர் அடுத்த பருவத்தில்தான் தொடருக்குள் வருகிறார். சுவைஞர் கூறும் அமைதி: அவர் அப்போதே கலத்தில் பணிபுரிந்தார்; வேறு தளத்தில் இருந்தமையால் நாம்தான் காணவில்லை! கோப்புகளோடு காலந்தள்ளும் நமக்கு இது புதிதன்று. பழைய குறிப்பும் புதிய குறிப்பும் மோதுமிடத்து, முன்னது வேறு சூழலில் எழுதப்பட்டது என ஒரு வரி சேர்த்து மேலதிகாரிக்கு அனுப்பியவர்தாமே நாமும்.

எனினும் எல்லா அமைதியும் நன்றன்று. கிளிங்கான் என்னும் வேற்றினத்தார் முதல் தொடரில் மனிதரையொத்த வழவழப்பான நெற்றியினர். 1979-ஆம் ஆண்டுத் திரைப்படம் முதல் அவர்தம் நெற்றியில் எலும்பு மேடுகள் முளைத்தன. ஒப்பனைக்குக் கிடைத்த பணமே காரணம் என்பது யாவரும் அறிந்தது. 1996-இல் ஒரு கிளைத்தொடர் தன் மாந்தரைப் பழைய தொடரின் காலத்துக்கே அனுப்பியது. முன்னோரின் நெற்றி ஏன் இவ்வாறு என வோர்ஃப் என்னும் கிளிங்கானைத் தோழர் வினவ, அதனைத் தம்மவர் பிறரிடம் பேசுவதில்லை என்று சுருக்கமாக முடித்துவிடுகிறார். நகையும் உண்டு, ஓர் இனத்தின் மறைவான நாணமும் அதனுள் உண்டு. முரணே பாத்திரத்துக்கு ஆழந்தந்த இடம் அது.

2005-இல் மற்றொரு கிளைத்தொடர் இரு பகுதிகளை இதற்கெனவே செலவிட்டு, மரபணுச் சோதனை பிழைத்ததால் பரவிய நோயே காரணம் என விளக்கியது. கணக்கு நேராயிற்று. ஆனால் வோர்ஃபின் மௌனத்துக்குள் நாம் கற்பனை செய்துவைத்திருந்த துயரக் கதைகள் அனைத்தும் ஒரு மருத்துவ அறிக்கையாகச் சுருங்கிவிட்டன. சூலுவுக்காகக் கேட்ட கேள்விக்கு விடை வேண்டும் என்ற நாமே, இவ்விடையை வேண்டா என்கிறோம். முன்னதில் முரண் உணர்ச்சியைக் குலைத்தது. பின்னதில் விளக்கம் குலைத்தது.

நம் இல்லத்து இளையோர் இதற்கு உடன்படவில்லை. விளக்கம் இருந்தால்தான் அறிவியற்கதை, மௌனம் என்பது எழுதியவரின் சோம்பல் என்கின்றனர். சென்ற ஞாயிறு இரவு உணவு ஆறிப்போகும் வரை வழக்கு முடியவில்லை.