சொல் எங்கே, குரல் அங்கே: ஹாண்டலின் ‘மெசையா’

ஓப்பரா என்றால் ஆர்ப்பாட்டம், ஓரட்டோரியோ என்றால் அடக்கம். இப்படி ஒரே வரியில் பிரித்துவிடுவது வழக்கம். ‘மெசையா’வை ஒருமுறை கேட்டால் அவ்வளவு சுலபமா சொல்லிட முடியாது.

ஓப்பராவில் வேடம், நடிப்பு, மேடைக்காட்சி உண்டு. ஓரட்டோரியோவில் பொதுவாக இவை இல்லை. பாடகர் நின்ற இடத்திலேயே பாடுவார். ஆனால் பேச்சுபோலப் பாடும் ரெசிட்டேட்டிவ், தனிப்பாடலான ஆரியா, குழுப்பாடலான கோரஸ் ஆகியவை இரண்டிலும் வரும். ஹாண்டல் 1711 முதல் 1741 வரை லண்டன் மேடைக்கு இத்தாலிய மொழி ஓப்பராக்களை இயற்றியவர். ஆங்கிலத்தில் அமைந்த ‘மெசையா’ 1742 ஏப்ரல் 13-இல் டப்ளினில் அரங்கேறியது. ஓப்பரா பாணியை அவர் அதில் விட்டுவிட்டாரா? இல்லை.

டெனர் பாடும் முதல் ஆரியாவைக் கேட்டுப் பாருங்க. ‘உயர்த்தப்படும்’ என்ற பொருள் தரும் சொல்லில் குரல் பல சுரங்களாக உருண்டு மேலேறுகிறது. ‘கோணல்’ வரும்போது இரண்டு சுரங்களுக்கிடையே ஆடுகிறது. ‘சமவெளி’ வந்ததும் நீண்டு நிற்கிறது. ஓப்பராவின் வித்தைதான், ஆனால் சும்மா காட்டும் வித்தை அல்ல.

இரண்டாம் பகுதியில், இகழப்பட்டவரைப் பற்றிய ஆரியாவும் ஓப்பரா வடிவம்தான்: முதற்பகுதி, நடுப்பகுதி, மீண்டும் முதற்பகுதி. ஆனால் இங்கே சொற்றொடர்கள் விட்டுவிட்டு வருகின்றன; விம்மல்போல் இருக்கிறது. நடுப்பகுதியில் வயலின்கள் அடிமேல் அடியாக ஒலிக்கின்றன. டப்ளினில் இதைப் பாடிய சுசன்னா சிப்பர் ஒரு நடிகை. அவருடைய குரல் நூல்போல் மெல்லியது என்று இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி எழுதியிருக்கிறார். இருந்தும் கேட்டவர்கள் உருகினார்கள். சொல்லை உணர்த்தத் தெரிந்தவர் அவர்.

அதற்காக எல்லாமே பொருத்தம் என்று புகழவும் கூடாது. குழந்தை பிறப்பைப் பாடும் கோரஸுக்கு, தாம் முன்பே இயற்றிய இத்தாலியக் காதல் பாடலின் இசையையே ஹாண்டல் எடுத்துக்கொண்டார். அதனால் வாக்கியத்தைத் தொடங்கிவைக்கும் வெறும் இணைப்புச் சொல்லின்மேல் அழுத்தம் விழுந்துவிடுகிறது. இசை அழகு; உச்சரிப்பு இடறுகிறது.

மாணவர்களே, ‘குரல் இனிமையாக உள்ளது’ என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். எந்தச் சொல்லில் குரல் ஏறியது, எங்கே நின்றது, எங்கே இடறியது என்று காட்டுங்கள். பாராட்டோ குறையோ, பிறகு எழுதலாம்.