பசித்த தலைமுறை: பாட்னாவில் எழுந்த வங்கக் குரல்

வங்கக் கவிதையை உலுக்கிய ‘பசித்த தலைமுறை’ இயக்கம் கல்கத்தாவில் பிறந்ததன்று. 1961 நவம்பரில், பாட்னாவில், ஒற்றைத்தாள் அறிக்கையாக அது தோன்றிற்று. வங்க எழுத்தில் அச்சிட அங்கு வசதி கிட்டாமையால் முதலறிக்கை ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதனை எழுதிய மலய் ராய் சௌத்ரி, பீகாரில் வளர்ந்த வங்க இளைஞர்.

தாயகம் விட்டு வாழ்வோர் மரபை இறுகப் பற்றுவர் என்பர். நம் இல்லங்களே அதற்குச் சான்று. ஆயின் அத்தொலைவு மரபின் போலிமையைத் தெளிவாகக் காட்டவும் கூடும். முகமூடியைக் கழற்றுமாறு எழுதி, அதிகாரிகளுக்குக் காகித முகமூடிகளை இவ்வியக்கத்தார் அனுப்பியது வெறுங்குறும்பன்று; அவர்தம் கவிதைக் கொள்கையே அதுதான்.

ஒரு நெடுங்கவிதைக்காக மலய் 1964இல் கைதானார். 1965இல் ஆபாசக் குற்றத்திற்கு 200 ரூபாய் அபராதம் பெற்றார். 1967இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. உடனிருந்த சக்தி சட்டோபாத்யாய் எதிர்சாட்சி கூறினார். இயக்கத்தில் சேராத சுனில் கங்கோபாத்யாயோ அவருக்காகச் சாட்சி கூறினார்.

அதிர்ச்சியூட்டலே நோக்கமாகும்போது அக்கவிதைகள் தளர்கின்றன. கலகமும் ஒரு வாய்பாடாகிவிடுகிறது. எனினும் அவர்தம் சினம் தாய்மொழியிலேயே வெளிப்பட்டது என்பதை மறத்தலாகாது. நம் பிள்ளைகளும் ஒருநாள் நம்மை மறுத்துத் தமிழிலேயே எழுதுவராயின், அதனை இழப்பென்று கொள்ளாதிருப்போமாக.