டோனவனின் கடிதமும் மசாய் மக்களும்

அருட்பணியியல் வகுப்புகளில் வின்சென்ட் டோனவனின் நூலொன்று நெடுங்காலமாக விரும்பிப் படிக்கப்பட்டு வருகிறது. கிறிஸ்தவத்தை மீண்டும் கண்டடைதல் என்று பொருள்படும் தலைப்போடு 1978இல் வெளிவந்தது அது. ஆசிரியர் அமெரிக்கர்; ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையில் தூய ஆவி துறவற சபையைச் சேர்ந்த குரு; தான்சானியாவின் வடபகுதியில் கால்நடை மேய்த்து வாழும் மசாய் மக்களிடையே ஊழியம் செய்தவர். ஆயினும் அவர் ஆசானாகக் கொண்டவர் ஆங்கிலிக்கரான ரோலண்டு ஆலன். தூய பவுலின் அருட்பணி முறைகளைக் குறித்து ஆலன் 1912இல் எழுதிய நூலை நம் வாசகர் அறிவர். 1962இல் வந்த அதன் பதிப்பொன்றுக்கு முகவுரை எழுதியவர், முன்னர் மதுரை-இராமநாதபுரம் பேராயராயிருந்த லெஸ்லி நியூபிகின். எனவே கத்தோலிக்கக் குரு ஒருவரின் நூல் நம்மிடையே இத்துணை ஆர்வத்துடன் வாசிக்கப்படுவது வியப்பன்று.

1966 மே மாதம் லோலியோண்டோ மிஷன் தளத்திலிருந்து டோனவன் தம் ஆயருக்கு ஒரு கடிதம் எழுதினார். நூல் முழுவதற்கும் அதுவே வித்து. மிஷனுக்கு நான்கு பள்ளிகள் இருந்தன. சிறு மருத்துவமனை இருந்தது. மக்களோடு நல்லுறவும் இருந்தது. ஆனால் விசுவாச வாழ்வு வாழும் வயதுவந்த மசாய் கிறிஸ்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே பள்ளி, மருந்து முதலிய அனைத்தையும் ஒருபுறம் வைத்துவிட்டு, மக்களின் குடியிருப்புகளுக்கே சென்று கடவுளைப்பற்றி மட்டும் பேச அனுமதி வேண்டினார். ஒவ்வொரு குடியிருப்புக்கும் வாரம் ஒருமுறை, ஓராண்டளவு சென்று பேசினார். முடிவை மக்களிடமே விட்டார். ஒரு குடியிருப்பார் ஆண்டு முழுவதும் கேட்டு, இறுதியில் வேண்டாமென்றனர். அவரும் அதை மதித்து விலகினார். இவ்வளவு நேர்மையை அருட்பணி வரலாற்றில் நாம் அடிக்கடி காண்பதில்லை.

திருமுழுக்கு வேளையில் நிகழ்ந்ததும் நினைக்கத்தக்கது. ஒழுங்காக வராதவர்களையும் சரிவரக் கற்காதவர்களையும் பிரித்து நிறுத்த டோனவன் முற்பட்டபோது, மூப்பர் ஒருவர் மறுத்தார். சோம்பலுள்ளவரை உழைத்தவர் தாங்கினர், மந்தமானவருக்கு அறிவுள்ளவர் கைகொடுத்தனர், சமூகம் முழுவதும் விசுவாசிக்கிறது என்பது அவருடைய வாதம். தனிமனித மனமாற்றத்தையே அளவுகோலாகக் கொண்டு பழகிய நமக்கு இப்பகுதி இன்றும் உறுத்தலாயிருக்கிறது, அது நல்லதே. சமாதானத்தின் அடையாளமான புல் கைக்குக் கை மாறி வருவதும், பகை தீராதவிடத்து அது நின்றுவிட்டால் அன்று நற்கருணை இல்லையென்பதும் நூலின் மிகச் சிறந்த பக்கங்கள்.

இவ்வளவும் ஒப்புக்கொண்டபின், நாம் இணங்க இயலாத இடங்களுக்கு வருகிறோம். சமுதாய முன்னேற்றப் பணியை நற்செய்திக்குக் குறுக்கே நிற்கும் சுவராக டோனவன் காண்கிறார். மிஷன் பள்ளி ஒரு தூண்டில் ஆகிவிட்டது என்ற அவர் குற்றச்சாட்டு உண்மையே. ஆனால் குறை கல்வியிலா, அதை நடத்திய முறையிலா என்று அவர் போதிய அளவு கேட்கவில்லை. அவர் கண்ட ஒழுங்கும் நிலைக்கவில்லை. 1967இல் அருஷா அறிக்கை வந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் திருச்சபைப் பள்ளிகளை அரசு ஏற்றுக்கொண்டது. 1970களில் அமெரிக்க நிதியுதவியுடன் மசாய் மேய்ச்சல் நிலத் திட்டம் ஒன்றும் நடந்தது. உண்ணி நீக்கும் மருந்துத் தொட்டிகள் கட்டினார்கள், நீர்நிலைகள் அமைத்தார்கள், மேய்ச்சல் சங்கங்கள் பதிவு செய்தார்கள். இச்சங்கங்களில் கால்நடை உடைமை ஆண்களுடையதாகவே கொள்ளப்பட்டது. பாலின்மீதும் தமக்கென ஒதுக்கப்பட்ட பசுக்களின்மீதும் பெண்களுக்கிருந்த வழக்குரிமை கணக்கில் வரவில்லை.

பெண்களைக் குறித்தே டோனவனின் நூல் மிகவும் தடுமாறுகிறது. அவர் நம்பியிருந்தது மூப்பர்களை. டாரதி ஹாட்ஜ்சன் என்ற மானிடவியலாளர் 2005இல் வெளியிட்ட 'பெண்களின் திருச்சபை' என்னும் பொருள்படும் நூல், பின்னர் நடந்ததைக் காட்டுகிறது. பள்ளி வழியாகவும் குடியிருப்புகள் வழியாகவும் குருமார் ஆண்களையே நாடினர். வந்து நிறைந்தவர்களோ பெண்கள். அதுவும் பலவிடங்களில் கணவரின் தடையை மீறி. இது தற்செயலன்று. மசாய் மொழியில் கடவுளைக் குறிக்கும் 'எங்காய்' என்ற சொல்லின் முன்னொட்டே பெண்பால். விடியலில் பாலைத் தெளித்து அவரை வேண்டுவது பெண்களின் கடமையாயிருந்தது. பெண்களைப் பற்றிய ஓர்பெக்கோ என்னும் ஆவிபிடித்த நோய்க்குத் திருமுழுக்கே மருந்தென்று அவர்கள் கண்டனர். வளர்ச்சித் திட்டங்களினாலும் சந்தையினாலும் வீட்டில் சிறுத்துப்போன தங்கள் நிலையை அவர்கள் ஆலயத்தில் நிமிர்த்திக்கொண்டனர் என்பது ஹாட்ஜ்சனின் முடிவு. இதை ஒரு குறையாக எண்ணி, ஆண்களை எப்படி வரவழைப்பது என்று குருமார் கவலைப்பட்டனராம்! ஆலய இருக்கைகளைச் சற்றே நோக்கும் எந்த ஆயருக்கும் இக்கவலை புதிதன்று.

மற்றொன்று நிலம். செரங்கெட்டிப் பூங்காவின் பொருட்டு மசாய் மக்கள் 1959இல் தம் மேய்ச்சல் நிலங்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். டோனவன் நடந்து சென்ற பாதையெங்கும் அந்தப் புண் ஆறாதிருந்தது. எனினும் அது அவர் இறையியலின் மையத்திற்கு வரவில்லை. 1970இல் அமெரிக்காவில் மேரிநோல் அருட்சகோதரிகளிடையே பேசிய ஜூலியஸ் நைரேரே, வறுமையை உண்டாக்கும் அமைப்புகளை எதிர்ப்பதில் திருச்சபை மக்களோடு நிற்கவேண்டுமென்று வற்புறுத்தினார். டோனவன் பணிபுரிந்த நாட்டின் தலைவரே எழுப்பிய கேள்வி இது. அதைச் சுமந்தவர்களுள் ஒருவர் மொரிங்கே பார்க்கிபுனி. பல்கலைக்கழகம்வரை படித்த மசாயர், நாடாளுமன்ற உறுப்பினர், 1989இல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் பழங்குடி மக்கள் பணிக்குழுவின்முன் தம் மக்களுக்காகப் பேசியவர். பள்ளிப்படிப்பு இங்கே எவருக்கும் தூண்டிலாகவில்லை. அதே லோலியோண்டோவில் 2022 ஜூன் மாதம் ஏறத்தாழ 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்தை வனவிலங்குக் காப்புப் பகுதியாக எல்லைக்கல் நட்டு அளந்தபோது, காவல்படைக்கு அஞ்சிப் பலர் கென்யாவுக்குள் ஓடினர்.

டோனவனை ஒதுக்கிவிட நாம் கோரவில்லை. அவருடைய 1966ஆம் ஆண்டுக் கடிதத்தைப் பாடமாக வைக்கும் ஆசிரியர்கள், ஹாட்ஜ்சன் எழுதியதையும் அதே வாரத்தில் வைக்கட்டும். புல் எவருடைய கையில் நின்றது என்று கேட்கும் மாணவர், அந்தப் புல் முளைத்த தரை எவருடையது என்றும் கேட்கட்டும்.