லூ சுன் படைப்புகளில் சீன மரபு மருத்துவம்: ‘மருந்து’, ‘நாளை’, ‘தந்தையின் நோய்’ – ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

நவீன சீன இலக்கியத்தின் முன்னோடியாகப் போற்றப்பெறும் லூ சுன் (1881–1936) சீன மரபு மருத்துவத்தைக் கடுமையாகச் சாடியவர் என்பது நன்கறியப்பட்ட செய்தி. தம் முதல் சிறுகதைத் தொகுப்புக்கு 1922 டிசம்பரில் எழுதிய முன்னுரையில், சீன வைத்தியர்கள் தெரிந்தோ தெரியாமலோ ஏமாற்றுபவர்களே என்னும் எண்ணத்துக்குத் தாம் வந்து சேர்ந்ததாக அவர் எழுதுகிறார். மரபு மருத்துவம் பற்றிய விவாதங்களில் இக்கூற்று இன்றும் எடுத்தாளப்படுகிறது. இதன் வெளிச்சத்திலேயே 1919ஆம் ஆண்டு ‘புதிய இளைஞர்’ இதழில் வெளிவந்த ‘மருந்து’ சிறுகதையும் மரபு மருத்துவத்துக்கு எதிரான சாட்சியமாக வாசிக்கப்படுகிறது. அவ்வாசிப்புக்குக் கதையின் பனுவல் இடந்தரவில்லை என்பதும், லூ சுன்னின் உண்மையான மருத்துவ விமரிசனத்தை வேறு இரு படைப்புகளில் தேட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்களாகும்.

வைத்தியர் இல்லாத கதை

தேநீர்க்கடை நடத்தும் ஹுவா லாவோஷுவானின் மகன் காசநோயால் நலிகிறான். இலையுதிர்காலத்தில் ஒருநாள் விடியுமுன் லாவோஷுவான் சேர்த்துவைத்த வெள்ளிக் காசுகளுடன் முச்சந்திக்குச் செல்கிறார். கொலைத்தண்டனை நிறைவேற்றப்பட்டதும், இறந்தவனின் இரத்தத்தில் தோய்த்த மாந்தோ எனும் ஆவியில் வேகவைத்த மாவுருண்டை அவர் கைக்கு வருகிறது. அதைத் தாமரை இலையில் பொதிந்து அடுப்பிலிட்டுச் சுட்டு மகனுக்கு ஊட்டுகின்றனர். கொல்லப்பட்டவன் சியா யூ என்னும் புரட்சியாளன். 1907இல் ஷாவோசிங் நகரில் தலை துண்டிக்கப்பட்ட ச்சியு ஜின் என்னும் பெண் புரட்சியாளரை இப்பாத்திரம் நினைவூட்டுவதையும், ஹுவா, சியா என்னும் இரு குடும்பப் பெயர்களும் இணைந்தால் சீனாவின் பழம்பெயராவதையும் ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். அவ்வுருவக வாசிப்பு இங்கு மீண்டும் விரித்துரைக்கப்படவில்லை.

கவனிக்க வேண்டியது வேறு. கதை முழுவதிலும் வைத்தியர் எவரும் இல்லை. நாடி பார்க்கப்படவில்லை, மருந்துச்சீட்டு எழுதப்படவில்லை, மருந்துக்கடைக்கு யாரும் போகவில்லை. மருந்தை விற்பவன் கொலைத்தண்டனை நிறைவேற்றும் தரப்பைச் சேர்ந்த காங். நோய் கட்டாயம் தீரும் என்று தேநீர்க்கடையில் உரத்த குரலில் உறுதி கூறுபவனும் அவனே. அவ்வுறுதிமொழி ஒலிக்கும்போதெல்லாம் சிறுவனின் இருமலும் உடன் ஒலிக்கிறது. சியா யூவைக் காட்டிக்கொடுத்த உறவினருக்கு 25 தேல் வெள்ளி பரிசாகக் கிடைத்த செய்தியும் காங்கின் வாய்வழியாகவே வெளிப்படுகிறது. ஆக, இங்கு நிகழ்வது சிகிச்சை அன்று. ஒரு கொலையைச் சுற்றி நடக்கும் வணிகம்.

காலச்சூழலையும் கருத்திற்கொள்ள வேண்டும். காசநோயைக் குணப்படுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943இல். கதை எழுதப்பட்ட 1919இல் மேலை மருத்துவத்திடமும் அச்சிறுவனைக் காக்கும் மருந்து இருக்கவில்லை. செண்டாய் நகரில் 1904 முதல் 1906 வரை மருத்துவம் பயின்ற லூ சுன் இதை அறியாதவரல்லர். எனவேதான் கதையில் மாற்று மருத்துவமனை எதுவும் காட்டப்படவில்லை போலும்.

லி ஷிச்சென் மீது ஒரு பொய்க்குற்றம்

இரத்த மருந்து மரபு நூல்களின் அங்கீகாரம் பெற்றதா என்னும் வினா எழுகிறது. 8ஆம் நூற்றாண்டில் சென் சாங்ச்சி தொகுத்த மருந்தியல் நூல், உடல் மெலிவிக்கும் நோய்க்கு மனிதத் தசையைக் குறிப்பிட்டது என்பது உண்மை. அவ்வகையில் மரபு குற்றமற்றது எனக் கூறிவிட இயலாது. ஆனால் 1578இல் நிறைவுற்று 1596இல் அச்சேறிய ‘பென்சாவோ காங்மு’ நூலில், 1,892 மருந்துப் பொருள்களை வகைப்படுத்திய லி ஷிச்சென், இறுதிப் பகுதியில் மனித உடலிலிருந்து பெறப்படுவனவற்றைப் பேசும்போது, மனித இரத்தத்தை மருந்தாக்கியோரை இரக்கமற்றோர் எனக் கண்டிக்கிறார். மனிதத் தசையை உண்பதையும் அவர் ஏற்கவில்லை.

லூ சுன்னின் ‘பித்தனின் நாட்குறிப்பு’ (1918) கதையில் வரும் பித்தனோ, மனித ஊனைச் சமைத்து உண்ணலாம் என்று லி ஷிச்சென் எழுதியிருப்பதாகச் சாதிக்கிறான். நூலின் பெயர்கூட அவனுக்கு முழுமையாக நினைவில் இல்லை. இது பித்தனின் பிழை, பாத்திரத்தின் வாய்மொழி. அதை ஆசிரியரின் சான்றாக மேற்கோள் காட்டுவது திறனாய்வு அறத்துக்குப் பொருந்தாது. எனினும், பின்குறிப்பின்றி இப்பிழையைக் கதைக்குள் விட்டுவைத்ததன்மூலம் லி ஷிச்சென்னுக்கு லூ சுன் நியாயம் செய்யவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாதியில் நின்ற வாக்கியம்

‘நாளை’ சிறுகதையில்தான் வைத்தியர் நேரில் வருகிறார். கைம்பெண் ஒருத்தி தன் நோயுற்ற மகனைத் தூக்கிக்கொண்டு ஹோ சியாவோசியன் என்னும் வைத்தியரிடம் செல்கிறாள். உடலின் நடுப்பகுதியில் அடைப்பு என்கிறார் அவர். குழந்தை மூச்சுத்திணறி மூக்குத்துளைகள் துடிப்பதை அவள் சொன்னதும், நெருப்பு உலோகத்தை வெல்கிறது என்று தொடங்கிக் கண்களை மூடிக்கொள்கிறார்.

இவ்விடத்தை வெறும் பிதற்றல் எனக் கடந்துவிடுவோர் உளர். ஐம்பூதக் கோட்பாட்டை ஒத்ததாகத் தோன்றினும் வேறான சீன ஐந்நிலைக் கோட்பாட்டில் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்பன உறுப்புகளோடு தொடர்புறுத்தப்படும். நெருப்பு இதயத்துக்கும் உலோகம் நுரையீரலுக்கும் உரியவை. ஆகவே மூச்சுத்திணறலுக்கு வைத்தியர் கூறும் விளக்கம் அக்கோட்பாட்டின் எல்லைக்குள் பொருளுடையதே. லூ சுன்னின் கூர்மை, அவ்வாக்கியத்தைப் பொய்யென்று காட்டாமல் அதைப் பாதியில் நிறுத்தியதில் இருக்கிறது. தாய்க்கு விளங்கும்படி அதை முடித்துச்சொல்ல வேண்டிய கடமை தமக்கு உண்டென வைத்தியர் கருதவில்லை. மருந்துச்சீட்டின் முதல் மாத்திரையோ குறிப்பிட்ட ஒரு கடையில் மட்டுமே கிடைக்கும். குழந்தை இறந்துபோகிறது.

துணைப்பொருளும் தொலைவும்

1926இல் எழுதப்பட்ட ‘தந்தையின் நோய்’ என்னும் நினைவுக்கட்டுரை, 1896இல் நீர்க்கோவையால் இறந்த தந்தையின் இறுதிக்காலத்தைக் கூறுகிறது. முப்பதாண்டு இடைவெளியில் எழுதப்பட்ட நினைவு என்பதால் அதன் எள்ளலை அப்படியே ஆவணமாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவை. ஆயினும் மருத்துவ நடைமுறையின் நுண்விவரங்கள் இதில் செறிந்துள்ளன. ஒருநாள் விட்டு ஒருநாள் வைத்தியர் வருகை. ஒவ்வொரு வருகைக்கும் 1 யுவான் 40 காசு. சொத்து கரைந்துகொண்டிருந்த குடும்பத்துக்கு அது பெருந்தொகை. அடகுக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் இடையே சிறுவன் நடந்த நடையை லூ சுன் தம் தொகுப்பு முன்னுரையிலும் நினைவுகூர்கிறார்.

கட்டுரையின் எள்ளல் முழுவதும் மருந்தின் மேலன்றி, மருந்தோடு சேர்க்க வேண்டிய ‘வழிகாட்டி’ப் பொருளின் மேலேயே குவிகிறது. சித்த மருத்துவத்தின் அனுபானத்தை இது நினைவூட்டினும் இரண்டும் ஒன்றல்ல. குளிர்காலத்து நாணல் வேர், மூன்றாண்டு உறைபனி கண்ட கரும்பு என்று தொடங்கி, ஒரே வளையில் வாழ்ந்த சுவர்க்கோழி இணை வரை அது நீள்கிறது. மறுமணம் செய்த பூச்சிக்கு மருந்தாகும் தகுதிகூட இல்லை போலும் என்று லூ சுன் சிரிக்கும்போது, கைம்பெண் கற்பு பேசிய சமூகமும் உடன் அடிவாங்குகிறது. வீங்கிய வயிற்றைப் பறையெனக் கருதி, கிழிந்த பறைத்தோலால் செய்த மாத்திரை தரப்படுகிறது. அயலாரைக் குறிக்கும் சொல்லும் ஆட்டைக் குறிக்கும் சொல்லும் ஒலியொப்புமை உடையன என்பதால், ஆட்டைத் தின்னும் புலியின் பெயரைச் சிங் அரசின் படைப்பிரிவுக்குச் சூட்டியதன் தர்க்கமும் இதுவே என்கிறார் அவர். ஒப்புமையை மருந்தாக்கும் சிந்தனையே இங்கு விமரிசனத்துக்கு உள்ளாகிறது. அம்மாத்திரையும் நகரில் ஒரே ஒரு கடையில்தான், வீட்டிலிருந்து ஐந்து லீ தொலைவில், கிடைத்தது. ‘நாளை’ கதையின் மருந்துச்சீட்டுக்கு மூலம் இதுவாகலாம்.

இத்தனை எள்ளலுக்கிடையே ஓர் இடம் விதிவிலக்காக நிற்கிறது. ‘சமநில மரம்’ எனப் பொருள்படும் பெயருடைய செடியின் பத்துத் தண்டுகளை வைத்தியர் கேட்கிறார். கடைக்காரர், நாட்டுப்புறத்தார், மூலிகை விற்பவர், முதியோர், கற்றோர், தச்சர் என எவருக்கும் அது தெரியவில்லை. செடிவளர்ப்பில் ஈடுபாடுடைய தூரத்துத் தாத்தா ஒருவர் உடனே அடையாளம் சொல்கிறார்: மலையடி மரநிழலில் வளர்ந்து, பவளமணி போன்ற சிவந்த கனி தரும் சிறுசெடி. ஆர்டீசியா இனத்தைச் சேர்ந்த இது சீனத்தில் இருமலுக்கு வழங்கிவரும் சாதாரண மூலிகை. வைத்தியரின் வாயில் மருமமாக ஒலித்த பெயர், தோட்டம் பேணுபவரின் வாயில் எளிய செடியாகிவிடுகிறது. மரபறிவு வேறு, அதை எட்டாப்பொருளாக்கி விற்கும் தொழில் வேறு என்னும் வேறுபாட்டை லூ சுன் கோட்பாடாகச் சொல்லவில்லை. அவருடைய விவரணை சொல்லிவிடுகிறது. 1922ஆம் ஆண்டுக் கூற்றை மட்டும் பற்றிக்கொள்வோர் தவறவிடுவது இப்பகுதியையே.

கட்டுரையின் முடிவில் வைத்தியர் மறைந்துவிடுகிறார். தீர்க்கக்கூடியதைத் தீர்க்க வேண்டும். தீராதவரைத் துன்பமின்றி இறக்கவிட வேண்டும் என்று தமக்கு மருத்துவம் கற்பித்த ஆசிரியர் கூறியதை லூ சுன் எண்ணிப்பார்க்கிறார். தந்தையின் மூச்சு அடங்கும் வேளையில், சடங்கறிந்த யான் அம்மையார் சிறுவனைத் தூண்டுகிறார். அவன் “அப்பா!” என்று கத்துகிறான். அமைதியுற்றிருந்த முகம் இறுகுகிறது. கத்த வேண்டாம் என்கிறார் தந்தை. அவன் மூச்சு நிற்கும்வரை கத்திக்கொண்டே இருக்கிறான். கட்டுரையில் வைத்தியர்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள் பல. தந்தைக்குத் தாம் இழைத்த மிகப்பெரும் தவறு என்று லூ சுன் பெயரிடுவதோ அக்குரலை.